வாரேன்

எல்லா மெஷினும் நின்ற பிறகும் நாலாம் நம்பர் செல்லின் பச்சை விளக்கு மட்டும் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.

ஆயுத பூஜை. மத்தியானத்துக்குள் படையல் முடிந்து, பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு ஆட்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் அந்த ஷெட் இப்படி ஊமையாகக் கிடந்து மதிவதனி பார்த்ததில்லை. தகரக் கூரையில் சளசளவென்று மழை, உடைத்த பூசணிக்காயின் பச்சை வாடை, கற்பூரம், அதற்கடியில் என்றைக்கும் போகாத எண்ணெய் நெடி, அந்தச் செல்லின் கம்பி வேலிக்குள் சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு தலைகுனிந்து நிற்கும் வெல்டிங் ரோபோ. இத்தனைக்கும் நடுவில் அந்தச் சனியன் பிடித்த விளக்கு.

"மெயின் ஆஃப் பண்ணிட்டீங்கதானே அண்ணா?"

"நான்தான் மேடம் பண்ணேன். இது மட்டும் இன்னாத்துக்கு எரியுதுன்னு தெர்ல." எலக்ட்ரீஷியன் கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். "யூபிஎஸ்ல கீதோ இன்னாவோ. நீங்க பாத்துக்கினு இருங்க, கேட்டாண்ட போயி ரெண்டு டீ வாங்கியாறேன்."

"சீக்கிரம் வந்துடுங்க."

சொன்ன பிறகுதான் குரல் கெஞ்சியது அவளுக்கே தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. லீவு நாள்தானே என்று ஷூ போடாமல் செருப்போடு வந்திருந்தாள். அது கம்ப்யூட்டர் இருக்கும் கண்ணாடி ரூம்வரைக்கும் டப் டப் என்று எதிரொலித்தது.

வந்த வேலை ஒன்றுதான். நாலாம் நம்பர் செல்லை ஓட்டும் கம்ப்யூட்டரில் இசக்கிதுரை திறந்துவைத்த டெர்மினலை, கட்டளை தட்டும் திரையை, மூட வேண்டும். மூடினால்தான் நாளைக்கு லைன் ஓடும் என்று மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். இசக்கிதுரை அவள் புருஷன். அவளைப்போல அவனும் இதே லைனில் இன்ஜினியர். ஆடி மாதம் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது ஒரகடம் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போனவன். ஒரு காலில்தான் ஷூ இருந்தது. இன்னொன்றை எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

கம்பெனி வாங்கிய ஏஐ உதவியாளுக்குத் 'துணை' என்று பெயர் வைத்ததும் அவன்தான். முன்பெல்லாம் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அத்தோடு எல்லாவற்றையும் மறந்துவிடும். அவன் அதற்கு மூடாத டெர்மினல் ஒன்றைக் கொடுத்தான். அதில் அதுவாகவே கட்டளை தட்டும். மெஷின் சொல்லும் பதிலைப் பார்க்கும். ஆள் வீட்டுக்குப் போனாலும் விட்ட இடத்திலேயே நாள்கணக்கில் காத்திருக்கும்.

தன் பெயரில் லாகின் செய்தாள். கறுப்புத் திரை. துணையிடம் 'இதை மூடு' என்று தட்டினாள்.

'மூட இயலாது. இசக்கிதுரை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.'

திரையை மேலே தள்ளினாள். அவன் கடைசியாகத் தட்டிய வரி அப்படியே இருந்தது. 'சரி, வாரேன்.'

அவன் அடிபட்ட அன்றைக்குக் காலையில் சேரப்பணஞ்சேரி வீட்டில் சண்டை. மழை வருது, பைக் வேணாம், ஷேர் ஆட்டோல போயேன் என்று சொன்னதுதான் அவள் செய்த குற்றம். "சும்மா கெடட்டி" என்றான். ஷூவை மாட்டினான். வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனான். அவளுக்குச் சொல்லாததை இந்தப் பாழாய்ப் போன திரைக்குச் சொல்லியிருக்கிறான். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினாள்.

'அவர் செத்துட்டார்.'

'அதை நீங்கள் சொல்கிறீர்கள். வருவதாக அவர் சொன்னார். தினமும் ஷிப்ட் முடியும் நேரத்தில் அவருக்காகக் கதவைத் திறந்துவைக்கிறேன்.'

கேட்டிருக்கவே கூடாது. விரல் கேட்டுவிட்டது.

'யாராவது வந்தாங்களா?'

'முதலில் யாரும் இல்லை. பிறகு வாசல்வரை வந்தார். இன்று உள்ளே.'

வெளியே, கரண்டே இல்லாத ஷெட்டில், நாலாம் நம்பர் செல்லின் கம்பிக் கதவு கிறீச்சென்று திறந்தது.

அவள் தலையைத் திருப்பவில்லை. கண்ணாடியில் தெரிந்ததை மட்டும் பார்த்தாள். யாரும் இல்லை. பெட்ரோல் வாடை. நனைந்த துணி வாடை. சாம்பல் நிறத் தரையில் ஈரம் ஒன்று பதிந்தது. ஷூ. அடுத்தது வெறுங்கால். ஷூ. வெறுங்கால். கண்ணாடி ரூமைப் பார்த்து.

ஐயோ.

'மூடு மூடு மூடு'

'வருகிறவர் முகத்தில் கதவைச் சாத்தமாட்டேன். போவதாகச் சொன்னால் மூடிவிடுவேன்.'

போறேன் என்று அவள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. விளையாட்டுக்குச் சொன்னால்கூட அம்மா வாயிலேயே போடுவாள். ரூம் வாசலில் ஷூ வைத்த ஈரம். போயிடு, தயவுசெஞ்சு போயிடு. அவனுக்காக, அவன் சொல்ல வேண்டியதை, அவளே தட்டினாள்.

'போறேன்.'

பச்சை விளக்கு அணைந்தது. ஈரம் வாசலோடு நின்றது. அப்பாடா என்று நாற்காலியிலிருந்து எழுந்து சுவரில் சாய்ந்தாள். திரையில் ஒரு வரி வந்தது.

'சொன்னவர்: மதிவதனி.'

இல்லை. லாகின். அவள் பெயரில் அல்லவா.

கன்னியப்பன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஒரே ஒரு டீ. அவளைப் பார்க்காமல், அவளை உரசுவதுபோல் தாண்டிப் போய், மேஜையில் வைத்தார்.

"இன்னா இசக்கிதுரை சார், இருட்டுல தனியா குந்திக்கினு கீறீங்க?" குரல் தணிந்திருந்தது. "ஆடில போன மேடத்தையே நெனச்சிக்கினு இருந்தா எப்டி சார்? டீ குடிங்க, ஆறிடப் போவுது."

அண்ணா என்று கத்தினாள். அவள் காதுக்கே கேட்கவில்லை.

அவள் எழுந்த நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு டீயை எடுத்தது. காய்ந்த சட்டைக் கை. மேஜைக்கு அடியில் இரண்டு ஷூக்கள், இரண்டும் சரியாக முடிச்சுப் போட்டு.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். நனைந்திருந்தது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

திரையில் எழுத்துகள் நிதானமாக வந்தன.

'மதிவதனி வருவதாகச் சொல்லவில்லை. மூடுகிறேன்.'