இரும்பு டானிக்

அன்று மதியம் அந்த ஆஸ்பத்திரி அறையில் நான்கு பேர். ஜன்னலோரக் கட்டிலில் அண்ணன், வலது கண்ணில் கட்டோடு. கால்மாட்டு ஸ்டூலில் தங்கை. எதிர் நாற்காலியில் டாக்டரம்மா. கதவில் சாய்ந்தபடி வார்டு ஆயா.

அலமாரியிலிருந்து டாக்டரம்மா ஒரு பாட்டிலை எடுத்தார்.

"இது என்னம்மா?"

"இரும்பு டானிக், டாக்டர். ஆளு வெளுத்துப் போயிட்டாரு. ரிப்போர்ட்லயும் இரும்பு கம்மின்னு இருந்துச்சு. ஒம்பது நாளா வேளை தவறாம ஊத்துறேன்."

டாக்டரம்மாவின் முகம் இறுகியது.

"நோய் வந்தா உடம்பு இரும்பை உள்ள பூட்டி வச்சுக்கும். அதான் ரத்தத்துல கம்மியாத் தெரியுது. மூக்குலேருந்து கண்ணுக்கு ஏறியிருக்கிற பூஞ்சை, இரும்பு கிடைக்காம வளராது. கொக்கி மாதிரி ஒண்ணை வெளிய அனுப்பும். அது இரும்பைக் கவ்விக்கிட்டு வரும். நீங்க அண்ணனுக்கு ஊத்தலம்மா. அந்தப் பூஞ்சைக்கு ஊத்தியிருக்கீங்க."

தங்கை பாட்டிலை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"இனி டானிக் கிடையாது. ரத்தமும் ஏத்தக் கூடாது, அதுலயும் இரும்புதான். பூஞ்சையைப் பட்டினி போடணும். மூணு நாள் தாங்கிட்டா பிழைச்சுப்பாரு."

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

"உன் அண்ணனுக்கு இன்னைக்குத்தான் மனுஷ முகம் வந்திருக்கு," என்றாள் ஆயா. "தபால் வண்டி வந்துடுச்சு. கடுதாசி போடணும்னா எழுதி வை, தாயி. அடுத்த வார்டுக்குப் போயிட்டு வரேன்."

அவர்களுடைய தம்பிக்கு மலைமேல் அணைக்கட்டில் வேலை. அங்கே போன் எடுக்காது. தங்கை மடியில் அட்டையை வைத்துக் குனிந்தாள்.

"நான் சொல்றேன், எழுது," என்றது அண்ணன் குரல். கொஞ்சம் கரகரப்பு. கூடவே ஈரச் சுவரின் வாடை.

"தம்பி, உடனே கிளம்பி வா. உன் ரத்தம் வேணும்."

பேனா நின்றது.

"டாக்டரம்மா வேணாம்னாங்களே, அண்ணா?"

"இப்போ சரின்னுட்டாங்க. எழுதும்மா."

எழுதினாள். தேதி போட்டாள். உறையை ஒட்டி அழுத்தித் தேய்த்தாள். திரும்பி வந்திருந்த ஆயா அதை வாங்கி, ஜன்னல் வழியாகத் தபால்காரரிடம் நீட்டினாள்.

"யார்கிட்ட தாயி பேசிக்கிட்டிருந்தே?" ஆயா கிசுகிசுத்தாள். "தூக்க ஊசி போட்டு ஒரு மணி நேரமாச்சு. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாரு."

தங்கை நிமிர்ந்தாள்.

அண்ணன் உதடுகள் காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!"

வண்டி வாசலைத் தாண்டித் திரும்பியது.

கண்கட்டுக்கு அடியிலிருந்து, நிம்மதியாக, ஒரு பெருமூச்சு வந்தது.