கரடிக்குத் தைத்த சட்டை

நாய் சொறிகிற சத்தம் கேட்டது. ஆனால் நாய் சொறியவில்லை.

தையல்காரி மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். பட்டப்பகலிலேயே வானம் கறுத்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூடம் முழுக்க ஈரத்துணியின் புழுங்கல் வாடை, மெஷின் எண்ணெய் வாடை, புதுக் காடாத்துணியின் கஞ்சி வாடை எல்லாம் ஒன்றாய்க் கலந்து மூக்கடைக்க நின்றன. அதற்கு நடுவே உள்ளறையிலிருந்து, யாரோ அவசரமே இல்லாமல் சாக்கைத் தேய்ப்பது போல, சர்... சர்... என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது அந்தச் சத்தம். கட்டிலில் மகள் வாண்டு, அரைநாள் பள்ளி விட்டு வந்த களைப்பில் சீருடையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் கரடி படுத்திருந்தது, முதுகைச் சுவர்ப்பக்கம் கொடுத்து. நாலு காலும் கட்டிப்போட்டது போல் அசையவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

அவள் உள்ளறைப் படியை மிதித்ததும் சத்தம் நின்றது.

கரடி என்பது நாயின் பெயர்தான். கறுகறுவென்று மயிர் அடர்ந்திருந்த காலத்தில் வைத்த பெயர். இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு முதுகில் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, தொட்டாலே சிலிர்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. தையல்காரி தலைகீழாக நின்று பார்த்தாள். சோப்பை மாற்றினாள். தரை துடைக்கிற மருந்தை நிறுத்தினாள். சோறு மாற்றினாள். படுக்கிற சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டாள். எதற்கும் மசியவில்லை அந்த அரிப்பு.

நாய் டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"உண்ணி இல்ல. தெள்ளுப்பூச்சி இல்ல. படையும் இல்லம்மா. இது தேய்ஞ்சு போன தோல்."

"தேய்ஞ்சு போச்சுன்னா?"

"தடவித் தடவித்தான். ஒரே இடத்துல, கழுத்துலேருந்து இடுப்பு வரைக்கும். வீட்ல யாருக்குப் பாசம் ஜாஸ்தி?" என்று சிரித்தார். "கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க. நாய் பாவம்."

அவளும் சிரித்துவைத்தாள். வீட்டுக்காரர் லாரியோடு போனால் வர வாரக்கணக்காகும். அவளுக்கோ மெஷினை விட்டு எழ நேரமில்லை. வாண்டு நாயைத் தடவ மாட்டாள். வாலைப் பிடித்து இழுப்பாள், அவ்வளவுதான்.

டாக்டர் ஊதா நிற மருந்து ஒன்றைக் கொடுத்தார். "பஞ்சுல தொட்டு வைங்க. கையில பட்டா லேசுல போகாது."

குச்சியில் பஞ்சைச் சுற்றி, விரலில் படாமல் பூசினாள். மறுநாள் மதியம், தங்கும் விடுதிக்குத் தைத்து அடுக்கியிருந்த தலையணை உறைகளை எடுக்க உள்ளறைக்குப் போனாள். அலமாரியின் மேல்தட்டில், வெள்ளைவெளேரென்ற மேல் உறையில், ஊதாக் கறை.

நாலு விரல். ஒரு கட்டைவிரல்.

ஓடிப்போய் வாண்டின் கைகளை விரித்துப் பார்த்தாள். சுத்தம். தன் கையைப் பார்த்தாள். சுத்தம். பிறகு, பார்க்காமல் இருந்திருக்கலாம், தன் கையை அந்தக் கறையின் மேல் வைத்துப் பார்த்தாள். அந்தக் கறைக்குள் அவள் கை குழந்தைக் கை போலக் கிடந்தது.

பயந்த மனசுக்கு ஒரு சமாதானம் கிடைத்தால் போதும், கண்ணுகளா, ஓட்டைப் பானை என்று தெரிந்தாலும் அதில்தான் தண்ணீர் மொள்ளும். நாய் அலமாரியில் ஏறியிருக்கும், கால் வழுக்கியிருக்கும், கறை இழுத்துக்கொண்டு நீண்டிருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த உறையைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். பிறகு தையல்காரிக்கு என்ன தோன்றுமோ அதுவே தோன்றியது. யார் தொட்டாலும் சரி, எது தொட்டாலும் சரி, தோலில் படாமல் மூடிவிட்டால் ஆறிவிடாதா?

கெட்டிக் காடாவை இரட்டை மடிப்பாக வெட்டி, கழுத்து முதல் வால் வரை கரடிக்கு ஒரு சட்டை தைத்தாள். வயிற்றுப்பக்கம் பித்தான்கள், தெறிக்காதபடி இரட்டை நூலில்.

பக்கத்து வீட்டு நாத்தனார் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி, எங்கண்ணன் ஒரு சட்டை கேட்டா துணி இல்லம்பீங்க. நாய்க்கு மட்டும் அளவெடுத்துத் தைப்பீங்களோ?"

"உங்கண்ணன் சொறிஞ்சா அவருக்கும் தைக்கிறேன், போடி."

சட்டை வேலை செய்தது. மதியச் சத்தம் நின்றது. துணியை விலக்கிப் பார்த்தபோது சிவப்பு வற்றி, பூனைமயிராய்க் கறுப்பு துளிர்த்திருந்தது. ஆனால் நாய்க்குச் சந்தோஷமில்லை. பித்தானைக் கடித்தது. சுவரில் முதுகைத் தேய்த்துச் சட்டையைக் கிழிக்கப் பார்த்தது. வாண்டு தூங்கும்போதெல்லாம் இடுக்கில் புகுந்து, வெற்றுச் சுவரைப் பார்த்து முனகி, முதுகை வில்லாக வளைத்து உயர்த்தி உயர்த்திக் காட்டியது, இந்தா, இந்தா என்று எதையோ கெஞ்சுவது போல. பார்க்கச் சகிக்கவில்லை. குழந்தையின் தூக்கம் கெடுகிறதென்று ஒருநாள் மதியம் அதை இழுத்துப்போய் வாசலில் சங்கிலியால் கட்டினாள்.

நாத்தனார் வேலைக்குப் போயிருந்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மின்சாரமும் போனது. கரடி ஊளையிடத் தொடங்கியது. இடிக்குப் பயந்த ஊளை என்று நினைத்தபடி, ஜன்னலோர வெளிச்சத்தில் இரண்டு கைகளாலும் துணியைத் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளறையிலிருந்து வாண்டின் குரல், தூக்கக் கலக்கத்தில்.

"அம்மா... முதுகு அரிக்குது."

"வரேன் கண்ணு. இந்த ஓரம் முடிச்சுட்டு வரேன்."

ஓரம் பாதிதான் ஓடியிருந்தது.

"அங்கதாம்மா. இன்னும் கொஞ்சம் கீழ."

அவள் கால் மிதியிலேயே நின்றுபோனது. இரண்டு கைகளும் துணிமேல் இருந்தன. அவற்றைப் பார்த்தாள். இரண்டும் இருந்தன.

"நிறுத்தாதம்மா. நல்லாருக்கு."

சர்... சர்...

உள்ளே போனாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. குழந்தை குப்புறப் படுத்திருந்தது, கன்னத்தைத் தலையணையில் அழுத்தி, கண்மூடி. சீருடையின் முதுகுத்துணி ஐந்து வரப்புகளாக எழும்பியிருந்தது. வரப்புகள் நகர்ந்தன. கழுத்திலிருந்து இடுப்புக்கு. மெதுவாக. மறுபடி கழுத்துக்கு.

பாய்ந்து குழந்தையைத் தூக்கினாள். வரவில்லை. சீருடை சுவர்ப்பக்கமாய் இழுபட்டது. ஐந்து வரப்பும் ஐந்து குழிகளாய் அமிழ்ந்தன.

"அம்மா, நகம்! நகம் குத்துதும்மா!"

விட்டாள். விட்டதும் குழிகள் தளர்ந்தன. தடவல் தொடர்ந்தது. பிரியமாக. குழந்தை விம்மி விம்மி மறுபடி தூக்கத்தில் விழுந்தது.

வாசலில் சங்கிலி வெடிக்கிற மாதிரி இழுபட்டது. ஊளை. இத்தனை மாதமும் அது ஏன் அந்த இடுக்கை விட்டு நகரவில்லை என்று இப்போது தெரிந்தது. ஓடிப்போய் அவிழ்க்கலாம். ஆனால் சட்டையையும் கழற்ற வேண்டும். பித்தான்கள். இரட்டை நூல். அவ்வளவு நேரம் குழந்தையை விட்டுவிட்டா?

அவள் கட்டிலில் ஏறினாள். குழந்தைக்கும் சுவருக்கும் நடுவே தன்னைச் செருகிக்கொண்டாள். மகளின் முகத்தைப் பார்த்தபடி. முதுகைச் சுவர்ப்பக்கம் கொடுத்து.

எதுவும் நடக்கவில்லை. மழை. சுவரின் ஈரவாடை.

பிறகு அவள் கொண்டை அவிழ்ந்தது. தானாக அல்ல. ஒவ்வொரு சுற்றாக, நிதானமாக. கழுத்துக்குக் கீழே, வெறும் தோலில், குளிர்ந்து போன ஐந்து விரல்கள் அமர்ந்தன.

வாசலில் ஊளை சட்டென்று நின்றது.

விரல்கள் இறங்கின. ஏறின. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கத்தவில்லை. குழந்தை சீராக மூச்சுவிட்டது. தோல் எரிய ஆரம்பித்தது. பரவாயில்லை. இன்னும் கொஞ்சம். தாங்கலாம்.

தடவல் நின்றது.

அவள் தோளுக்கு மேலாக, அவள் கண்ணெதிரே, நகக்கணுவெல்லாம் ஊதா ஏறிய ஒரு நீளக் கை தாண்டி வந்து, குழந்தையின் கன்னத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்று, தடுமாறியது. எது மெத்தென்று இருக்கும் என்று யோசிப்பது போல.

தாய் முதுகை வில்லாக வளைத்தாள். உயர்த்தினாள். இன்னும் உயர்த்தினாள்.

கை திரும்பி வந்தது.