ஏழாம் நம்பர் ஸ்டிக்கர்

"பாலத்தோட வரைபடம் நாலு மணிக்குள்ள போகலைன்னா என் வேலை போயிடும் சார். ஒரு கோடு போட்டா, அது திரையில வர்றதுக்குள்ள டீ குடிச்சிட்டே வந்துடலாம்!"

வரைபடக்காரப் பெண் லேப்டாப்பை மேஜையில் வைத்தாள். துப்பறிவாளர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். உதவியாளனான அவர் மைத்துனனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணி இரண்டரை!

"எங்க மேனேஜர் இதைத் தானே கழட்டிச் சுத்தம் பண்றேன்னு வாங்கிட்டுப் போனார். வந்ததுலேருந்து இப்படி. கேட்டா, 'புதுக் கீபோர்டே போட்டிருக்கேன், உன் கைதான் மெதுவு'ங்கறார்."

"சிப்செட் போயிடுச்சு மாமா!" என்று துள்ளினான் மைத்துனன்.

"சிப்செட்னா என்ன மச்சான்?"

கேட்ட துப்பறிவாளரே விளக்கினார்.

"ப்ராசஸர் சமையல்காரன். சிப்செட் அவனுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஆள். அந்த ஆள் போனா அடுப்பே எரியாது. இங்க எரியுது. சமையல்காரன்தான் சோப்ளாங்கி."

"ஸ்டிக்கர்ல ஏழுன்னு இருக்கே சார்? பெரிய ப்ராசஸராச்சே!"

"ஸ்டிக்கர் கணக்குப் போடாதும்மா."

"அப்ப ப்ராசஸரைத் திருடிட்டாரு!" என்றான் மைத்துனன்.

"இந்த மாடல்ல அதைப் போர்டோட பற்றவச்சிருக்கு. கத்தரிக்காயா, பறிச்சுக்கிட்டுப் போக?" துப்பறிவாளர் விசைகளை விரலால் தடவினார். அம்புக்குறி விசைகள் நான்கும் தேய்ந்து மொழுமொழுவென்றிருந்தன. "வாங்க, மேனேஜரைப் பார்ப்போம்."

மேனேஜர் அறையில் நாற்காலியைவிட அவர் பேச்சு பெரிதாக இருந்தது. "தொழில்நுட்பம் எல்லாருக்கும் வராது சார். அதுக்குன்னு ஒரு மூளை வேணும்."

"வேணும்தான். கீபோர்டு மாத்தி எத்தனை நாளாச்சு?"

"நாலு நாள். புத்தம் புதுசு!"

"நாலு நாள்ல அம்புக்குறி தேயுமா சார்? இந்தப் பொண்ணு அதைத் தொடறதேயில்லை. கோட்டுக்கு எல், வட்டத்துக்கு சி, அதுங்கதான் தேயணும். உங்க லேப்டாப்பைக் கொஞ்சம் திறங்க."

மைத்துனன் எட்டிப் பார்த்தான். அங்கே எல்லும் சியும் அழிந்தே போயிருந்தன.

"சார் எப்பலேருந்து பாலம் கட்டறீங்க?" என்றார் துப்பறிவாளர். "ரெண்டும் ஒரே மாடல், ப்ராசஸர்தான் வேற. அதைத் தனியா எடுக்க முடியாதுன்னு மெஷினையே எடுத்துக்கிட்டீங்க. அவ கோப்பெல்லாம் இருக்கணுமேன்னு உள்ளே டிஸ்க்கை மாத்தினீங்க, வெளியே ஸ்டிக்கரை மாத்தினீங்க. கீபோர்டு வித்தியாசம் தெரியுமேன்னு 'புதுசு'ன்னு ஒரு புளுகு."

மேனேஜரின் குரல் கிணற்றுக்குள் போனது. "பழையதுல கார் ரேஸ் கேம் திக்கித் திக்கி ஓடுதுங்க..."

டிஸ்க்குகள் இடம் மாறின. மூன்று ஐம்பதுக்கு வரைபடம் போய்ச் சேர்ந்தது. தன் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு அந்தப் பெண் கிளம்பும்போது மேனேஜர் செருமினார்.

"அந்த ஏழு மட்டும் என் மெஷின்லயே இருக்கட்டுமேம்மா. நாலு பேர் வந்து போற ரூம்..."

"தாராளமா இருக்கட்டும் சார்," என்றாள் அவள். "உங்களுக்கு ஸ்டிக்கரே போதும்."