ஈரம் வற்றாத தொட்டி

நேற்றைவிட இன்று தொட்டி கனமாக இருந்தது.

மெர்வ் அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தார். தொட்டியைத் தூக்கிக் கனம் பார்த்துத்தான் தண்ணீர் விடவேண்டும் என்பது மனைவி நோலீன் சொல்லிக்கொடுத்த வழி. லேசாக இருந்தால் விடு, கனத்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு. ஒரு வாரமாக அவர் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் மண்ணில் விரலை வைத்ததும் குளிர்ந்த நீர் நகக்கண் வரை ஏறியது. அடியில் வைத்திருந்த தட்டு நிரம்பி, ஜன்னல் மேடையில் வழிந்து, தரைவிரிப்பில் கறையாக இறங்கியிருந்தது.

கன்பராவில் ஆளுக்கு இரண்டு கஞ்சாச் செடி வளர்த்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். விளக்குப் போட்டு வளர்த்தால்தான் வம்பு. அதனால் ஜூலைக் குளிர்காலத்தில், வெளியே புல்தரை உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, செடி வடக்கு ஜன்னலில் கிடைக்கிற கொஞ்சநஞ்ச வெயிலை வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருக்கும். அதற்குத் தாகமே எடுக்காது. மெர்வோ இலைகள் தொங்குவதைப் பார்த்து, பாவம் தாகம் என்று கோடைக்கு விடுவதுபோல ஊற்றித் தள்ளிவிட்டார். அளவுக்கு மீறிக் குடித்த செடியும் காய்ந்த செடி மாதிரியேதான் தொங்கும். ஊற்ற ஊற்ற இன்னும் தொங்கும். இதை ஊரில் எவனுக்கு வேண்டுமானாலும் விளக்கிச் சொல்லலாம், மெர்வுக்குச் சொல்லவேண்டியதில்லை, அதிகத் தண்ணீர் என்ன செய்யும் என்று வீட்டிலேயே பார்த்தவர் அவர்.

நோலீனுக்கு இதயம் பலவீனம். நீர் நுரையீரலில் தேங்கிவிடும் என்பதால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று மருத்துவர் அளந்து வைத்திருந்தார். தாகமோ அவளை விடவில்லை. வலிக்கு அந்த இலையைப் போட்டு வெண்ணெய் காய்ச்சி பிஸ்கட் சுட்டுத் தின்பாள், தாகத்துக்குத்தான் மருந்தில்லை. பனிக்கட்டித் துண்டைச் சப்பிக்கொண்டே "மெர்வ்... மெர்வ்..." என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். கடைசி இரவு அவர் பெரிய ஜாடி நிறையத் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"குடிச்சுத் தொலை நோலீன். என்னைக் கொஞ்சம் நிம்மதியா விடு."

கதவைச் சாத்தினார். டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்தார். காலையில் ஜாடி காலியாக இருந்தது. மகள் ஜனீனிடம், அம்மா கடைசிவரைக்கும் அளவாகத்தான் குடித்தாள், தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார்.

அந்த ஜனீன் இன்று சாயங்காலம் கூல்பர்னிலிருந்து காரில் வருகிறாள். அம்மாவின் நகை வேண்டாம், துணி வேண்டாம், அம்மா வளர்த்த செடி மட்டும் போதும் என்று கேட்டிருந்தாள். செடி தண்ணீரில் அழுகிச் செத்தது என்று தெரிந்தால் அவள் அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுவாள். அப்படித் துருவித் துருவிக் கேட்கிற பிள்ளை அவள். அவளைத் தவிர மெர்வுக்கு இனி யாரும் இல்லை.

மண் மாற்றுவதற்கு, ஈரத்தை வடியவிடும் பெர்லைட் கல் வாங்க வேலியோரம் போனார். பக்கத்து வீட்டு டெஸ் மூட்டையை நீட்டினார்.

"என்னய்யா, செடிக்கு நீச்சல் கத்துக்குடுத்தியா?"

"கொஞ்சம் அதிகமா ஊத்திட்டேன்."

"நோலீன் இருந்திருந்தா உன்னைத் தொட்டியில நட்டிருப்பா. வேரைப் பாரு. வெள்ளையா இருந்தா பொழைக்கும். காப்பிக் கலர்ல கொழகொழன்னு இருந்தா வெட்டி எறிஞ்சுடு. பாவம் பாக்காத." டெஸ் சிரிப்பை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தார். "நீ தூங்கறியாய்யா? உன் மூஞ்சியே ஊதிப்போயிருக்கு."

மதியம் தாண்டியும் பனிமூட்டம் விலகவில்லை. ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் மரம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, தொட்டியைப் படுக்கவைத்து, நோலீன் செய்வதைப்போலவே விளிம்பை உள்ளங்கையால் தட்டித் தட்டி இளக்கியபோது, குளத்தின் அடிச்சேறு வாடையோடு, நோயாளி படுத்திருந்த அறையில் கதவைத் திறந்ததும் வருமே, அந்த இனிப்பான புழுக்க வாடையும் சேர்ந்து எழுந்து அவர் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. கூடவே ஒரு சத்தம். காலிக் குவளையில் உறிஞ்சுகுழல் போட்டு இழுப்பதுபோல, மெல்ல, ஈரமாக, விட்டு விட்டு.

ஹீட்டராக இருக்கும். போய் அணைத்தார்.

சத்தம் நிற்கவில்லை.

தொட்டியைக் கவிழ்த்து இழுத்தார். மண்ணோடு வேர்க்கட்டி முழுசாக வழுக்கிக்கொண்டு வந்தது. காப்பி நிறம். நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் நுரையீரல்போல இரண்டு மடலாகத் தொங்கியது. டெஸ் சொன்னபடி வெட்டி எறியக் கத்தரிக்கோலை எடுத்தார்.

மடல்கள் மேலே எழும்பின. தணிந்தன.

மெர்வ் குனிந்து பார்த்தார். கண்தான் கோளாறு. மறுபடி எழும்பின. மெல்ல. சிரமப்பட்டு. உள்ளே நீர் கொழகொழத்தது.

கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு, குளியலறைத் துண்டுகளையெல்லாம் அள்ளி வந்து வேரைச் சுற்றிப் பொதிந்து பிழிந்தார். தண்ணீர் வந்தது. பிழிந்தார். வந்துகொண்டே இருந்தது. மேசை நனைந்து, தரை நனைந்து, காலுறை நனைந்தது.

"மன்னிச்சுடு," என்றார். "எனக்கு அன்னிக்கு அவ்வளவு அசதி. மன்னிச்சுடு நோலீன்."

போன் அடித்தது. ஈரக்கையால் தட்டியதும் ஜனீனின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ப்பா, ஊருக்குள்ள வந்துட்டேன். ஒரே மூட்டமா இருக்கு, மெதுவாத்தான் வரணும். அம்மா செடி எப்படி இருக்கு?"

"நல்லா... நல்லா இருக்கும்மா."

அவள் காரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ப்பா, அங்க யாரு இருக்கா?"

"யாருமில்லையே."

"யாரோ மூச்சு விடறாங்க."

"ஹீட்டர்."

"இல்லப்பா. அந்தக் கடைசி நாள் சாயங்காலம் அம்மா போன்ல பேசினப்ப இப்படித்தான் மூச்சு விட்டா. எனக்கு மறக்காது. ப்பா, அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துது?"

கேட்டுவிட்டாள். பயத்தோடு பயமாக அவருக்கு ஏதோ பாரம் இறங்கியது போலிருந்தது. சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

"ஜனீன், நான்தான்..."

வாயிலிருந்து தண்ணீர் வந்தது.

குளிர்ந்த தண்ணீர். மண் ருசி. துப்பினார். இன்னும் வந்தது. மூச்சை இழுத்தார், நெஞ்சுக்குள் கொழகொழத்தது. விட்டார், வழிந்தது. அவர் விடும்போது மடல்கள் எழும்பின. அவர் இழுக்கும்போது தணிந்தன.

"ப்பா? ப்பா, பேசுங்க!"

நாற்காலியைப் பிடிக்கப் போய்த் தரையில் உட்கார்ந்தார். தலை தொங்கியது. தோள் தொங்கியது. கை தொங்கியது.

மேசையில், துண்டுக்குள், வேர் காய்ந்துகொண்டு வந்தது. வெளுத்தது. இலை ஒன்று நிமிர்ந்தது. பிறகு அடுத்தது. விரலை விரிப்பதுபோல ஒவ்வொன்றாக, பச்சைப்பசேலென்று, எல்லாம் விரிந்தன.

ஜன்னலில் அப்போதுதான் கொஞ்சம் வெயில் வந்தது. செடி அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேசையிலிருந்து குனிந்து, தாகம் எடுத்ததுபோல அவர் வாயருகே வந்து நின்றது.