கப்பா என்று கூப்பிட்டால்தான்

கப்பாவின் முதுகில் யாராவது தட்டாத நாளே கிடையாது. விரல் முட்டியால் தட்டிவிட்டு, "டொங்" என்று சத்தத்தையும் அவர்களே வாயால் கொடுப்பார்கள். பத்து வயதுப் பையனின் முதுகில் அந்தச் சத்தம் வராதே.

கப்பா என்றால் தகரம். வீட்டுக் கூரைக்குப் போடுகிற நெளித் தகரம். டோங்காவில் ஹாபாய்த் தீவுகளுக்குப் போனால் எல்லா வீட்டு உச்சியிலும் அதைப் பார்க்கலாம். ஆனால் அதையே பெயராக வைத்துக்கொண்டு நடமாடுகிறவன் இவன் ஒருவன்தான்.

நடந்த சம்பவத்தைப் பிள்ளைக்குப் பெயராக வைப்பது அந்த ஊரில் புதிதில்லை. கப்பல் வந்த நாளில் பிறந்த பெண்ணுக்குக் கப்பலின் பெயர் இருந்தது. திமிங்கிலம் கரைக்குப் பக்கத்தில் வந்த வாரத்தில் பிறந்தவனுக்குத் திமிங்கிலத்தின் பெயர் இருந்தது. அவையெல்லாம் சொல்லிக்கொள்ளும்படி இருந்தன. தகரம் அப்படியா?

"டேய், மழை வருது. ஒழுகுவியா?" என்று கேட்பான் அடுத்த வீட்டுத் தொமாசி.

"ஒழுகினா உன் வாய்க்குள்ளதான் ஒழுகுவேன். மூடிக்க" என்பான் கப்பா.

வாய் அப்படிப் பேசினாலும், வீட்டுக்கு வந்த பிறகு அவன் முகம் சுண்டியிருக்கும்.

மே மாதம் வந்தது. முதல் ஞாயிறு பிள்ளைகளின் ஞாயிறு. அன்றைக்கு சர்ச்சில் பெரியவர்களுக்கு வேலையில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கூப்பிடுவார்கள். அந்தப் பிள்ளை எழுந்து முன்னால் போய், மனப்பாடம் செய்த வசனத்தை ஊர் முன்னால் சொல்ல வேண்டும். சர்ச்சில் எந்தப் பெயரைக் கூப்பிடுகிறார்களோ அதுதான் ஊரில் நிற்கும்.

ஞாயிறு வகுப்புக்குப் புதிதாக வந்திருந்த லூப்பே டீச்சர், ஒத்திகையில் இவன் பெயரைக் கேட்டதும் நின்றுவிட்டார்.

"இது பட்டப்பேர்தானே? சொந்தப் பேர் என்ன?"

"இதுதான் டீச்சர்."

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தலைநகரத்திலிருந்து பெரிய போதகர் வருகிறாராம். அவர் முன்னால் நின்றுகொண்டு ஒரு பிள்ளையைத் தகரம் என்று எப்படிக் கூப்பிடுவது? டீச்சர் கெட்டவர் இல்லை. நல்ல பெயர் கிடைத்தால் பையனுக்கும் நிம்மதி என்று மனசாரவே நினைத்தார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

கப்பாவின் அப்பா விலி, வாசலில் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மகனுக்குத் தன் அப்பாவின் பெயரான சாமுவேலாவை வைக்கத்தான் அவருக்கு ஆசை. ஆனால் மகன் பிறந்தபோது அவர் ஆஸ்திரேலியாவில் ஒரு தோட்டத்தில் ஏணிமேல் நின்று பழம் பறித்துக்கொண்டிருந்தார். போன் கிடைத்துப் பேசுவதற்குள் அவருடைய அக்கா மெலெனாய்தே பெயரை வைத்து முடித்துவிட்டார்.

அங்கே அத்தை வைத்தால் வைத்ததுதான். அப்பாவின் கூடப் பிறந்தவளுக்கு அப்பாவைவிட உயர்ந்த இடம். விலி பத்து வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

"வீட்டுல அத்தை பேச்சு செல்லும். சர்ச்சுல அந்த வழக்கம் இல்ல" என்றார் டீச்சர்.

அவ்வளவு போதும் விலிக்கு. டீச்சர் போனதும் மகனைக் கூப்பிட்டுச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை சாமுவேலா என்று கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும் என்று. "உனக்கும் நல்லதுதான். எவனும் முதுகுல தட்ட மாட்டான்."

உண்மையைச் சொன்னால், கப்பாவுக்கும் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. சாமுவேலா என்று நாக்குக்கடியில் சொல்லிப் பார்த்தான். வழுவழுவென்று போனது. யாரும் சிரிக்க முடியாத பெயர்.

சமையல் கொட்டகையில் அம்மா மரவள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"உலகத்துல வேற பேரே கிடைக்கலையாம்மா? எதுக்குத் தகரம்?"

"நீ புயல்ல பிறந்தவன்னு தெரியும்ல?"

"அது தெரியும். புயல்னே வெச்சிருக்கலாமே."

அம்மா துருவுவதை நிறுத்தவில்லை. துருவிக்கொண்டே சொன்னாள். காற்று காலையில் வந்ததாம். கூரைத் தகரம் ஒவ்வொன்றாகப் பிய்ந்து பறந்ததாம். அதே நேரத்தில் அவளுக்கு வயிற்றுவலி எடுத்துவிட்டது. தென்னை மரங்கள் சாலையில் விழுந்து கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. அத்தை அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், கொல்லையில் இருந்த சிமெண்ட் தண்ணீர்த் தொட்டியோடு ஒட்டி உட்கார வைத்தார். முற்றத்தில் கிடந்த ஒரு தகரத்தை எடுத்துத் தொட்டிமேல் சாய்த்து அவளை மூடினார். அந்தத் தகரமும் பறக்கப் பார்த்தது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உங்க அத்தை அது மேலயே ஏறி உக்காந்துட்டாங்க. ரெண்டு கையாலயும் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு. அடியில நானும் நீயும். மேல மழை அடிக்கிற சத்தத்துல நீ அழுததுகூட என் காதுல விழல. காத்து நிக்கிறவரைக்கும் அந்த மனுஷி இறங்கல. விளிம்பு ரெண்டு உள்ளங்கையையும் அறுத்துப் போட்டுடுச்சு."

கப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான்.

"என்ன பேரு வைக்கலாம்னு கேட்டேன். ரத்தக் கையைப் பாவாடையில துடைச்சுக்கிட்டே, இதுல கேக்க என்ன இருக்குன்னு சொல்லித் தகரத்தைக் காட்டினாங்க."

கப்பா கீழே சிதறிய துருவலைப் பொறுக்கிச் சட்டியில் போட்டான்.

"எனக்கு சாமுவேலா வேண்டாம்" என்றான் கப்பா.

"அப்ப அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. முடிஞ்சுது."

முடிந்துதான் போகும். அவனுக்குத் தெரியும். அத்தை துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அவர் பேசினால் கப்பலில் இருப்பவர்களுக்கும் கேட்கும். நேரே வந்து அப்பாவை நிற்க வைத்துக் கேட்பார். டீச்சர் முன்னால் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அதைக் கப்பாவால் பார்க்க முடியாது.

"அத்தைகிட்ட சொல்லாதம்மா. பேரு என்னோடது. நானே பாத்துக்கறேன்."

ஞாயிறு வந்தது. பிள்ளைகள் எல்லோரும் புது வெள்ளை உடுப்பில், அந்த ஊர் மரியாதைப்படி இடுப்பில் சின்னப் பாய் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் அத்தை. பக்கத்து வரிசையில் அப்பா. பீடத்தின் மேல் பெரிய போதகர். டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். தொமாசி பாதி வசனத்தை விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"சாமுவேலா" என்றார் டீச்சர்.

மூன்று பேர் எழுந்தார்கள்.

ஊரில் ஏற்கெனவே மூன்று சாமுவேலாக்கள் இருந்தார்கள். மூவருக்கும் இன்னும் முறை வந்திருக்கவில்லை. ஊருக்குப் புதியவரான டீச்சர் இதை யோசிக்கவே இல்லை. மூவரும் முன்னால் போய், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. டீச்சர் கையை ஆட்டித் திரும்பிப் போகச் சொன்னார். மூவரில் பெரிய பையன்கள் இருவரும் முட்டிக்கொண்டு ஓடிவந்துவிட்டார்கள். ஐந்து வயதுக் குட்டிச் சாமுவேலா மட்டும் அங்கேயே நின்றான். இத்தனை முகங்களை அவன் இதற்குமுன் மொத்தமாகப் பார்த்ததில்லை. உதடு பிதுங்கியது. அழுதுவிட்டான்.

கப்பா எழுந்தான். மகன் வழிக்கு வந்துவிட்டான் என்று விலி நிம்மதியாக மூச்சு விட்டார்.

கப்பா குட்டிப் பையனுக்கு முன்னால் குந்தினான். தன் புது வெள்ளைச் சட்டைக் கையால் அவன் மூக்கைத் துடைத்தான். "உன் வசனம் எது?" என்று மெதுவாகக் கேட்டு, முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தான்.

வேதத்திலேயே மிகச் சின்ன வசனம் அது. ஆண்டவர் அழுதார் என்று வரும். குட்டிச் சாமுவேலா அதைத் தானும் அழுதுகொண்டே சொல்லி முடித்தான். சர்ச்சே சிரித்தது. பெரிய போதகருக்குத் தோள் குலுங்கியது. குட்டிப் பையன் அம்மாவிடம் ஓடிவிட்டான்.

கப்பா திரும்பி நடந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"சாமுவேலா, உன் முறைதான். வா" என்றார் டீச்சர், இவனையே பார்த்து.

அவன் அசையவில்லை. காது சுட்டது. பின்னாலிருந்து தொமாசி விலாவில் இடித்தான். அப்பா திரும்பிப் பார்த்து முறைத்தார். டீச்சர் இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்போதுதான் அத்தைக்கு விஷயம் புரிந்தது. எழுவதற்காகப் பெஞ்சில் கையை ஊன்றினார்.

அவர் எழுவதற்குள் கப்பா பேசிவிட்டான்.

"டீச்சர், என் பேரை இன்னும் கூப்பிடல."

"அதான் கூப்பிட்டேனே" என்றார் டீச்சர் தணிந்த குரலில்.

"அது அந்த மூணு பேரோட பேரு. அவங்களே வெச்சுக்கட்டும். என் பேருல நான் ஒருத்தன்தான் இருக்கேன். கூப்பிட்டா வர்றேன்."

"இல்லன்னா?"

"இங்கயே உக்காந்திருப்பேன்."

யாரோ இருமினார்கள். பெரிய போதகர் முன்னால் குனிந்து, அப்படி என்ன பெயர் தம்பி என்று கேட்டார்.

"டீச்சர் சொல்லுவாங்க" என்றான் கப்பா.

டீச்சர் என்ன செய்வது என்று தெரியாமல் விலியைப் பார்த்தார். விலி மகனைப் பார்த்தார். மகன் தலையைக் குனியவில்லை. விலி கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"கூப்பிட்டுடுங்க டீச்சர். அவன் அவங்க அத்தை மாதிரி. உக்காந்தான்னா நகர மாட்டான்."

அத்தை பெஞ்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

டீச்சர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, கூப்பிடுவதென்றால் ஒழுங்காகவே கூப்பிட்டுவிடலாம் என்று முடிவு செய்தவர் மாதிரி, உரத்த குரலில் கூப்பிட்டார்.

"கப்பா."

இந்தத் தடவை ஒருவன்தான் எழுந்தான். அழுக்கான சட்டைக் கையோடு முன்னால் போனான். கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, ஒரு சொல்லும் விடாமல், தன் வசனத்தைச் சொன்னான்.