குரல் இரண்டு

விசாலி வாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் ட்ரைபாடில் நின்ற ஆபீஸ் கைப்பேசியின் திரையடியில் ஒரு வரி எழுந்தது.

குரல் 2: ஆரு அது?

"சனியனே" என்று முனகினாள். உடனே அதற்குக் கீழே 'குரல் 1: சனி அண்ணே' என்று வந்து நின்றது.

எரிச்சல் தலைக்கு ஏறியது. சலசல என்ற இந்தப் புது ஆப் வந்தே நாலு மாதம்தான் ஆகிறது. நேரலையில் கேட்கும் பேச்சையெல்லாம் அதுவே எழுத்தாக்கிப் போடும். யார் பேசுகிறார்கள் என்று குரல் பிரித்தும் காட்டும்; அவள்தான் குரல் 1. விரிதிரை என்ற ஓடிடி கம்பெனியில் அவளுடைய மேலாளர் ஆதித்தன் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "பஸ்ல, ஆபீஸ்ல எல்லாரும் சத்தத்தை அணைச்சிட்டுத்தான் பாக்குறாங்க விசாலி. எழுத்துதான் ஆளை இழுக்கும். வெள்ளிக்கிழமை சீரீஸ் வருது. ஷூட்டிங் நடந்த வீட்டைச் சுத்திக் காட்டு. ஒரு மணி நேரம், லைவ்ல."

விளம்பரப் பிரிவில் ஐந்து பேர் இருந்த இடத்தில் இப்போது அவள் ஒருத்திதான் மிச்சம். சொந்த ஊர் காரைக்குடி என்பதால் பள்ளத்தூரில் இருந்த இந்தச் செட்டிநாட்டு வீட்டு வேலையும் அவள் தலையில் விழுந்தது. இத்தனைக்கும் இப்போது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பதினாலு பேர். அதில் ஆறு பேர் ஆபீஸ்காரர்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கருப்பம்மாள் கதவைத் திறந்துவிட்டுவிட்டு, "நான் எதுத்த வீட்லதான் இருப்பேன் ஆச்சி. நீங்க பாட்டுக்குப் படம் புடிங்க" என்று சொல்லிப் போய் அரை மணி நேரமாகிவிட்டது.

லேப்டாப் பையைத் தோளில் மாட்டி, கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டு வளவு என்னும் உள்கட்டுக்குள் நடந்தாள். மதியம் இரண்டரை மணி வெயில் நடு முற்றத்தில் செவ்வகமாக விழுந்து கொதித்துக்கொண்டிருக்க, அதைச் சுற்றியிருந்த தாழ்வாரங்கள் மட்டும் ஈரத் துணி போட்டு மூடியதுபோல் குளிர்ந்து கிடந்தன. பூட்டிய அறைகளிலிருந்து வௌவால் எச்சமும் பழைய சுண்ணாம்பும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாக வந்து தொண்டையில் ஒட்டியது. மேலே எங்கோ ஒரு புறா நிறுத்தி நிறுத்திக் குனுகியது. சிரித்த முகத்தோடு பேசினாள். பர்மா தேக்குத் தூண்கள் என்றாள். 'பரம தேங்காய்த் தூண்கள்' என்று திரை எழுதியது. ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். பார்ப்பவர்கள் பதின்மூன்று ஆனார்கள்.

குரல் 2: இங்குட்டுத்தான் வாரா.

நின்றாள். காதைக் கூர்மையாக்கினாள். புறாகூட ஓய்ந்திருந்தது. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது, வரும்போதே பார்த்திருந்தாள்.

திரையை மேலே தள்ளித் தன் வரிகளைப் படித்தாள். எல்லாம் உளறல். தேக்கு தேங்காயாகியிருந்தது, வளவு வழவழப்பாகியிருந்தது. குரல் இரண்டின் வரிகளில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை இல்லை.

குரல் 2: நல்லாப் பேசுறா. நாமளும் பேசிப் பழகணும்.

'யாருப்பா அந்த ரெண்டாவது குரல்?' என்று ஒருவர் கேட்டார். 'செம ஐடியா' என்றார் இன்னொருவர். யாரோ பகிர்ந்திருக்க வேண்டும். பார்ப்பவர்கள் முந்நூறு ஆனார்கள். பிறகு இரண்டாயிரம்.

இடுப்புப் பையில் இருந்த அவளுடைய சொந்த போன் அதிர்ந்தது. ஆதித்தன்.

"இப்பிடி ஒண்ணு யோசிச்சிருக்கேன்னு எங்கிட்டச் சொல்லவே இல்லையே! யாரு எழுதுறா?"

"யாரும் எழுதல சார். ஆப்ல ஏதோ கோளாறு. எனக்கு ஒரு மாதிரி இருக்கு. நிறுத்திடுறேன்."

"மூணு மாசமா உன்னால இருநூறு பேரைக் கூட்ட முடியல. இப்பக் கூடுது. நிறுத்தினேன்னா நாளைக்கு ஆபீஸ் பக்கமே வராதே." வைத்துவிட்டார்.

போனை முற்றத்தில் வீசி அடிக்க வேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு சீரீஸுக்கும் ஒரு புது ஆப், ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு புது ஆட்டம். அதில் ஓடி ஓடித் தேய்ந்தது அவள்தான். அந்தக் கோபத்தில் பயம் கொஞ்சம் விலகி நின்றது. சுற்றியிருந்த பூட்டிய கதவுகளைப் பார்த்து உரக்கக் கேட்டாள். "சரி. யாரு நீ? பேரு என்ன?"

 தூணின் நிழல் மெல்ல நகர்ந்து அவள் காலைத் தொட்டது.

குரல் 2: விசாலி.

"அது எம்பேரு!"

திரையில் அவள் சொன்னது வந்தது. பிழையில்லாமல்.

குரல் 2: அது எம்பேரு!

 அவள்தான் பேசினாள். அவளுக்கு ஏன் இரண்டு? அடுத்த வரி மெதுவாக, எழுத்து எழுத்தாக வந்தது.

குரல் 1: நேரலை இத்தோட முடியுது. பாத்த எல்லாருக்கும் நன்றி.

அவள் சொல்லவில்லை. உதடு அசையவில்லை. 'உங்க குரல் இனிமையா இருக்கு' என்று யாரோ எழுதினார்கள். நேரலை தானாக அணைந்தது.

சொந்த போன் அடித்தது. எடுத்தாள்.

"ஆறாயிரம் பேர் விசாலி! பிரமாதம்!"

"சார், வீட்ல யாரோ இருக்காங்க. யாரையாவது அனுப்புங்க. சார்!"

மறுமுனையில் ஆதித்தன் ஒரு கணம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "ஆமாமா, வெள்ளிக்கிழமையும் பண்ணிடலாம். நீயே கேக்குறியே, அதிசயம்தான்… சரி, பஸ் ஏறிட்டு மெசேஜ் போடு."

"சார்!"

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

ஓடினாள். வளவு. இடைக்கதவு. முகப்பு. வாசல் கதவு சாத்தியிருந்தது. வெளியே கருப்பம்மாளின் குரல்.

"கெளம்பிட்டீகளா ஆச்சி? ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம்ல? ஆகட்டும், ஆகட்டும். நான் பூட்டிக்கிறேன்."

"கருப்பம்மா! நான் உள்ள இருக்கேன்!"

சாவி சுழன்றது. ஒரு முறை. இரண்டு முறை.

கதவை அறைந்தாள். உள்ளங்கை வலித்தது. சத்தம் வரவில்லை. அவ்வளவு கனமான தேக்குக் கதவில் ஒரு தட்டு ஓசைகூட இல்லை.

சன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தெரு வெயிலில் கண் கூசியது. கருப்பம்மாள் சன்னலை நேராகப் பார்த்தாள். ஒட்டடை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. திரும்பிக்கொண்டாள்.

அவளுக்கு அப்பால் காரைக்குடி பஸ் நின்றிருந்தது. படியருகே கடுகு மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண். தோளில் லேப்டாப் பை. விசாலி குனிந்து தன் சுடிதாரைப் பார்த்தாள். அதே கடுகு மஞ்சள். தோளைத் தடவினாள். பை இல்லை.

மஞ்சள் சுடிதார் படியேறியது. சன்னலோர இருக்கையில் உட்கார்ந்தது. பஸ் நகர்ந்தது.

பஸ்ஸுக்குள் அந்தப் பெண் இரண்டு கைகளையும் உயர்த்தித் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி. ஒரு கண். இன்னொரு கண். மூக்கு. உதடு. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று, விரல் நுனியால், அவசரமே இல்லாமல்.