நாற்பத்தோராவது கட்டம்

"மேல ஒண்ணும் இல்லைங்க. பழைய மேசை ஒண்ணு கிடக்கு, அவ்வளவுதான். கதவு வழியா போகாது, அதான் யாரும் தூக்கிட்டுப் போகல" என்றார் சாவியைக் கொடுத்த காவலாளி.

"அப்ப உள்ள எப்படி வந்துச்சாம்?" என்று கேட்டேன்.

அவர் வாசல் பக்கம் திரும்பி நடந்தார். மாடிக்கு வரவில்லை. நல்ல வெயில் நேரம், மணி பன்னிரண்டு. செல்லோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்களே ஏறினோம்.

நாங்கள் நாலு பேர். முதல் வயலின் என் தம்பி, இரண்டாவது வயலின் நான், தரையில் ஊன்றி வாசிக்கும் செல்லோ என் வீட்டுக்காரர். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வியோலாவை வாசிப்பவள் பல் டாக்டர். ஒரு காலத்தில் தடை செய்யப்பட்டு, எழுதியவர்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட இசையைத் தேடியெடுத்து வாசிப்பதுதான் எங்கள் வேலை. வேலை என்றால் சம்பளமில்லாத வேலை. கிறுக்கு என்றும் சொல்லலாம், என் மாமியார் அப்படித்தான் சொல்கிறார்.

மாடியில் இருந்த அந்த அறை தடைக் காலத்தில் பரிசீலனை அறையாக இருந்தது. எந்த இசையும் மேடையேறும் முன் அங்கே வாசித்துக் காட்டப்பட வேண்டும். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பார். பிடிக்காத இடம் வந்தால் முத்திரைக் கட்டையால் மேசையில் ஒரு தட்டு. அதோடு அந்த இசையின் கதை முடிந்தது. சில நேரம் எழுதியவரின் கதையும்.

நாங்கள் கொண்டு வந்திருந்த இசையை எழுதியவரும் அப்படிப் போனவர்தான். அவர் மகளுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அன்று அவளுக்கு ஏழு வயது, இதே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"தட்டுற சத்தம் கேட்டுச்சு. வாசிப்பு நின்னுச்சு. அப்பா அந்தக் கதவு வழியா வெளிய வரவே இல்ல" என்று எங்களிடம் சொல்லியிருந்தாள். அன்று வாசித்த நாலு பேரும் ஆளுக்கொரு தாளை வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்கள். ஒன்று கண்ணாடிக்குப் பின்னால், ஒன்று மெத்தைக்குள். நாற்பது வருடம் அலைந்து நாலையும் சேர்த்துவிட்டாள். அவளுக்கு இசைத்தாள் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டு ஒத்திகைக்கு எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை.

"எங்க நிறுத்தினாங்களோ அங்கதான் முழுசாக் கேப்பேன்" என்றாள். திங்கட்கிழமை அவளுக்கு இருதய ஆபரேஷன். கட்டட அலுவலகம் அறையைக் கொடுத்தது இந்த ஒரு சனிக்கிழமை மட்டும். நாலு மணிக்கு நிகழ்ச்சி.

அறையில் மர ஜன்னல்களைத் திறந்தும் வெளிச்சம் தரையில் பாதி தூரத்துக்கு மேல் வரவில்லை. சுவரோரம் அந்த மேசை, அதன் பின்னால் ஒரு நாற்காலி. மேசையின் வலது ஓரத்தில், எலுமிச்சம்பழம் உட்காரும் அளவுக்கு ஒரு குழி. எத்தனை வருடம் ஒரே இடத்தில் தட்டினால் மரத்தில் அப்படி ஒரு குழி விழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 

ஒத்திகையைத் தொடங்கினோம். முதல் பகுதி அழகாகப் போனது. இரண்டாம் பகுதியில் பாதி தூரம் போயிருப்போம்.

டக்.

நாலு வில்லும் ஒரே நேரத்தில் நின்றன.

வாசிக்கும் ஜாதிக்கு இது ஒரு வியாதி. ஒத்திகையில் யாராவது இசைத்தாள் ஸ்டாண்டில் தட்டினால் உடனே நிறுத்த வேண்டும். ஏழு வயதில் கைக்குள் போகிற பாடம், சாகும்வரை வெளியே வராது.

"என்னடா?" என்றேன் தம்பியிடம்.

"நான் தட்டல. மாமாதான் தட்டினார்."

"நானா? என் ரெண்டு கையும் செல்லோல இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுபடி வாசித்தோம். அதே இடம், இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த நாற்பத்தோராவது கட்டம். என் தம்பியின் வயலின் தனியாக மேல் சுரங்களுக்கு ஏறிப் போகும் இடம் அது.

டக்.

மூன்றாவது முறை, ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே வாசித்தோம். யார் கையும் அசையவில்லை.

டக்.

பல் டாக்டர் வியோலாவை மெல்ல மடியில் இறக்கினாள். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழியிலிருந்து தூசி எழும்பியிருந்தது.

பிறகுதான் அந்த வாடை வந்தது. முத்திரை மையின் வாடை, தபால் ஆபீஸில் வருமே, அது. மூடிய அறையில் புதிதாகத் திறந்த மைப்பெட்டி போல அடித்தது.

"அக்கா, கிளம்பிடலாம்" என்று தம்பி கிசுகிசுத்தான். "ஸ்கூல் ஹால்ல வெச்சுக்கலாம். டீச்சரம்மாகிட்ட ஏதாவது சொல்லிக்கலாம்."

"என்னன்னு சொல்லுவ? உங்க அப்பாவை நிறுத்தின அதிகாரி எங்களையும் தொரத்திட்டான்னா?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் பயத்தை விடக் கோபம் அதிகமாக வந்தது. செத்து மண்ணோடு மண்ணாகியும் இவனுக்கு அதிகாரம் போகவில்லை பார்.

"தட்டினாத் தட்டட்டும். நிறுத்தாம வாசிப்போம்" என்றேன்.

"என் பேஷண்ட் கத்தினாக் கூட நான் நிறுத்த மாட்டேன்" என்றாள் பல் டாக்டர். அவள் உதடு வெளுத்திருந்தது.

ஏழு முறை முயன்றோம். ஏழு முறையும் தட்டு விழுந்தது, ஏழு முறையும் நின்றோம். நிற்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தும் கை நின்றுவிட்டது. அவன் எங்கள் கையைப் பிடிக்கவில்லை, அவனுக்கு அது தேவையே இல்லை. கீழ்ப்படியும் பழக்கம் எங்களுக்குள்ளேயே இருந்தது. அந்த அறையில் என்னை உண்மையாகவே நடுங்க வைத்தது அதுதான்.

நாலு மணிக்கு டீச்சரம்மா வந்தாள். நாற்பது பேர் வந்திருந்தார்கள். கைத்தடியை ஊன்றி, அந்தக் கதவின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாசித்தோம். முதல் பகுதி முடிந்தது. இரண்டாம் பகுதி. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.

டக்.

நின்றோம்.

 வெட்கத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையைத் தூக்கி டீச்சரம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை.

"இதே சத்தம்தான்" என்றாள்.

எழுந்தாள். நேராக மேசைக்குப் போனாள். பின்னால் இருந்த நாற்காலியை இழுத்து, யாரோ உட்கார்ந்திருப்பவரை நகர்த்துவது போல் ஒரு கணம் காத்திருந்து, அதில் உட்கார்ந்தாள். விரலால் தடவிக் குழியைக் கண்டுபிடித்தாள். வலது கையை அதன் மேல் பரப்பி வைத்தாள்.

"முதல்லேர்ந்து ஆரம்பிங்க" என்றாள். வகுப்பில் சொல்வது போலவே சொன்னாள்.

"அம்மா, வேணாம்" என்றேன்.

"எழுபத்தஞ்சு வருஷம் வெளிய பெஞ்சுல உக்காந்துட்டேன். வாசிம்மா."

முதலிலிருந்து வாசித்தோம், இரண்டாம் பகுதிக்கு வந்தோம். முப்பத்தொன்பது. நாற்பது. என் காது முழுக்க அந்த மேசையில் இருந்தது.

சத்தம் வரவில்லை.

அவள் தோள் மட்டும் தூக்கிப் போட்டது.

வில் ஓடியது. நாற்பத்திரண்டு. மறுபடி அவள் தோள் குலுங்கியது. மறுபடி. அடி ஒவ்வொன்றும் அவள் கையில் விழுந்துகொண்டிருந்தது, முன்னைவிட வேகமாக. அவள் கையை எடுக்கவில்லை. வலியில் கண்ணை மூடிக்கொண்டாள், ஆனால் எடுக்கவில்லை. மை வாடை இன்னும் அடர்ந்தது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும் என் விரல் நுனிகள் சில்லிட்டுப் போயின. தம்பி அழுதுகொண்டே வாசித்தான், ஒரு சுரமும் பிசகவில்லை.

கடைசிப் பகுதி ஒப்பாரி இல்லை. தடை செய்யப்பட்ட இசை என்றால் அழுகையாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் நினைப்பு. அது துள்ளல். வேண்டுமென்றே தடுக்கி விழுவது போல் பாசாங்கு செய்து, எழுந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு ஓடும் ஒரு குறும்பு ஆட்டம். அதைக் கேட்டதும் டீச்சரம்மா சிரித்தாள். கை மேசையில் அடிவாங்கிக்கொண்டிருக்க, வாய் விட்டுச் சிரித்தாள்.

கடைசிச் சுரம் அடங்கியது. அவள் கையை எடுத்துப் பார்த்தாள். புறங்கையில் வட்டமாக, ஊதா நிறத்தில், எழுத்து எதுவும் இல்லாத ஒரு முத்திரை.

"அப்பா இவன் மூஞ்சிக்கு நேரா வாசிக்கன்னே இதை எழுதி வெச்சிருக்கார்" என்றாள். பெருமையில் அவள் தலை நிமிர்ந்திருந்தது. நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த ஊதா வட்டம் மட்டும் சோப்புக்கும் போகவில்லை, ஸ்பிரிட்டுக்கும் போகவில்லை. நர்ஸ் தேய்த்துத் தேய்த்து அலுத்துப் போனாளாம். டீச்சரம்மா எங்களுக்கு இன்னொரு இசைத்தாள் கட்டு கொடுத்தனுப்பினாள். அவள் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் எழுதியது. அவரும் திரும்பி வராதவர்தான்.

போன ஞாயிறு காலை அதை முதல் தடவையாக வாசித்துப் பார்த்தோம். எங்கள் வீட்டில், சாப்பாட்டு மேசை பக்கத்தில். அந்த அறையிலிருந்து எங்கள் வீடு பன்னிரண்டு கிலோமீட்டர். சமையலறையில் மாமியார் குக்கரைத் திறந்துகொண்டிருந்தார்.

பதினேழாவது கட்டத்தில் எங்கள் மேசையில் தட்டு விழுந்தது.

டக்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வில் நிற்கவில்லை. நாலும் நிற்கவில்லை. கடைசிவரை வாசித்து முடித்தோம்.

"யாரு அங்க மேசையைத் தட்டுறது? அந்தச் சந்தன நிற வார்னிஷ் போயிடப் போகுது" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது.

நான் பென்சிலை எடுத்தேன். என் தாளில் பதினேழாவது கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதினேன்: இங்கே இன்னும் சத்தமாக.